மஞ்சள் சாறு கேப்ஸ்யூல்: டப்பாவுக்கு மூன்று நட்சத்திரம், துண்டுச்சீட்டுக்குப் பூஜ்யம்

கும்பகோணம் பெரிய கடைத்தெருப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குள் போனால், சுக்கு, திப்பிலி ஜாடிகளுக்கு நடுவே 60 கேப்ஸ்யூல் கொண்ட வெள்ளை டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு அதோடு ஒரு துண்டுச்சீட்டு: ‘புற்று செல்களைத் தானாகவே சாக வைக்கும் மூலிகைச் சாறு’. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும்.

டப்பா பரவாயில்லை. லேபிளில் ‘மஞ்சள் சாறு 500 மி.கி., குர்க்குமினாய்டு 95 சதவீதம்’ என்று இருக்கிறது. குர்க்குமினும் அதன் உறவுச் சத்துகளும்தான் குர்க்குமினாய்டு. பின்பாதிதான் முக்கியம்; அதை வைத்துத்தான் ஒரு கேப்ஸ்யூலில் 475 மி.கி. என்று சொல்ல முடிகிறது. பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் ‘மஞ்சள் 500 மி.கி.’ வெறும் பொடி. மஞ்சளில் குர்க்குமின் 3 சதவீதம் வாக்கில்தான் என்பதால் அதில் 15 மி.கி. தேறும். ‘10:1 சாறு’ என்று மட்டும் போட்டிருந்தால் கிழங்கை எவ்வளவு சுருக்கினார்கள் என்பது தெரியும், குர்க்குமின் அளவு தெரியாது. கேப்ஸ்யூலைப் பிரித்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொட்டினால் ஆரத்தித் தட்டுச் சிவப்பு வருகிறது. உள்ளே மஞ்சள் இருக்கிறது என்பதற்கு அது போதும். அளவுக்குச் சாட்சி ஆகாது.

இனி சீட்டு. அதில் அடிப்படை விஷயம் பொய்யில்லை. குர்க்குமின் பட்ட புற்று செல்லில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கசிந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வரும்; அது காஸ்பேஸ்-9 என்ற நொதியை எழுப்பும், அது காஸ்பேஸ்-3ஐ எழுப்பும், செல் சுருங்கி டிஎன்ஏ துண்டு துண்டாகும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இதுதான் அப்போப்டோசிஸ். ஆய்வகத் தட்டில் பலமுறை பார்த்த சங்கதி. தட்டில் என்பதை மட்டும் சீட்டு விட்டுவிட்டது.

சீட்டில் ஊதா நிறக் குழிகளின் படம் வேறு. அது எம்டிடி சோதனை. உயிருள்ள செல், எம்டிடி என்ற மஞ்சள் நிறச் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்லின் இயக்கம் குறைந்திருக்கிறது என்று பொருள். செத்ததா, வளராமல் நின்றதா, அப்போப்டோசிஸா என்று இது சொல்லாது. அதற்கு, சாகும் செல்லில் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் அனெக்ஸின் சாயமோ காஸ்பேஸ் அளவீடோ வேண்டும். சாறே நிறமுள்ள சரக்கு என்பதால் செல் இல்லாமல் சாறு மட்டும் ஊற்றிய குழி ஒன்று, கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய குழி ஒன்று, சாதாரண செல் வைத்த குழி ஒன்று, இவ்வளவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். படத்தில் ஒன்றையும் காணோம்.

பெரிய ஓட்டை அளவில்தான். தட்டில் வேலை நடக்கப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோல் (ஒரு லிட்டரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு) செறிவு தேவை. 2001இல் வெளியான தைவான் ஆய்வில் நாளுக்கு 8 கிராம் குர்க்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்தில் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலைத் தொடவில்லை. 8 கிராம் என்றால் இந்த டப்பாவில் ஒரு நாளைக்கு 17 கேப்ஸ்யூல்! குடல் கொஞ்சம்தான் உறிஞ்சுகிறது, உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றிக் கழித்துவிடுகிறது.

அதைத் தடுக்கத்தான் இதில் மிளகுச் சத்தான பைப்பரின் 5 மி.கி. சேர்த்திருக்கிறார்கள். உறிஞ்சுதல் கூடும், சிக்கலும் கூடும். கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதியை அது மந்தப்படுத்துவதால், கீமோ எடுப்பவருக்கு டோசிடாக்சல் போன்ற மருந்து உடலில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தங்கலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், பித்தப்பைக் கல் உள்ளவர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர் தாங்களாக இதைத் தொடக் கூடாது. கல்லீரல் பாதித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எச்சரிக்கை வரி லேபிளில் இல்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்தது, இன்னொன்று இந்தச் சீட்டோடு கட்டி விற்பதற்காக.

இதே கடையில் நித்தியகல்யாணிப் பொடி 100 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. வாய்க்கால் கரையிலும் சுடுகாட்டோரமும் தானாக முளைக்கும் செடி. ‘கேன்சர் மருந்தே இதிலிருந்துதான்’ என்கிறார் கடைக்காரர். உண்மைதான், வின்கிரிஸ்டீனும் வின்பிளாஸ்டினும் இதிலிருந்து பிரித்தவையே. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்து, செல்லை நடுவழியில் நிறுத்திச் சாகடிப்பவை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்துதான் ஒரு கிராம் கிடைக்கும். வின்கிரிஸ்டீனை நரம்பு வழியாக, வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மி.கி.க்கு மேல் போகாமல் ஏற்றுவார்கள். மிஞ்சினால் கை கால் மரத்து நடை தள்ளாடும். ஒரு ஸ்பூன் பொடியில் எந்த ஆல்கலாய்டு (இவை போன்ற செடிச் சத்து) எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நோய்க்குப் போதாது, நஞ்சுக்குப் போதலாம். பொட்டலத்தில் தண்டும் இலையும் கலந்தே கிடக்கின்றன, தேதி கிடையாது. இதற்கு நட்சத்திரமே இல்லை.

1954ஆம் ஆண்டு மாய நிவாரணச் சட்டப்படி புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சீட்டு எழுதியவர் ‘நோய்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘செல்’ என்று எழுதியிருப்பது தற்செயலாக இருக்காது.

சமையலுக்கும் பூஜைக்கும் விரலி மஞ்சள் இதே கடையில் அருமை: உடைத்தால் உள்ளே ஆரஞ்சு, நல்ல வாசம், பூச்சி இல்லை.