கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? சென்னையில் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடித்த என் அக்கா மகனுக்குக் கணினி வாங்குவதற்காக, மே மாத வெயிலில் இரண்டு நாட்கள் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் கேமிங் லேப்டாப் ஒன்றைப் பார்த்தோம். அடுத்த கடையில் டெஸ்க்டாப்புக்குக் கொட்டேஷன் வாங்கினோம். வெளியே வந்ததும் அவன் கேட்டான்: “மாமா, ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4070தானே போட்டிருக்கு? அப்போ தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கறதையே வாங்கிடலாமே?”

நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்காரர்கள் பெரும்பாலும் விளக்காமல் விட்டுவிடும் விஷயமும் இதுதான். ஆர்டிஎக்ஸ் 4070 என்பது விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் பாகத்தின் பெயர். டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4070 கார்டில் 5888 கோர்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 12 ஜிபி நினைவகமும் உள்ளன. அது 200 வாட் வரை மின்சாரம் எடுக்கும். லேப்டாப்பில் அதே பெயருடன் வரும் சிப்பில் இருப்பவை 4608 கோர்களும் 8 ஜிபி நினைவகமும் மட்டுமே. அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதையும் லேப்டாப் தயாரிக்கும் நிறுவனமே 35 முதல் 115 வரை தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. அடுத்த தலைமுறையான 5070-இலும் இதே கதைதான்: டெஸ்க்டாப்பில் 6144 கோர்கள், 12 ஜிபி, லேப்டாப்பில் 4608 கோர்கள், 8 ஜிபி. மேலே போகப் போக இடைவெளி இன்னும் விரிகிறது. டெஸ்க்டாப் 4090-இல் 16384 கோர்கள் இருக்க, லேப்டாப் 4090-இல் 9728 மட்டுமே உள்ளன. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர், தான் வாங்கியது ஒருபடி கீழே உள்ள பொருள் என்பதை அறியாமலேயே வீடு திரும்புகிறார் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 4060-ஐப் பொறுத்தவரை இரண்டு வடிவங்களிலும் 3072 கோர்கள், 8 ஜிபி நினைவகம் என்பதுதான் கணக்கு. ஆகவே 100 வாட்டுக்கு மேல் கொடுக்கப்பட்ட 4060 லேப்டாப் டெஸ்க்டாப்புக்கு மிக அருகில் வந்துவிடும். லேப்டாப்தான் வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையில் வாங்கினால் கொடுத்த பணத்துக்கு நியாயமான பலன் கிடைக்கும். எந்த மாடலானாலும், டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கப்படும் மின்சாரம், எத்தனை வாட் என்று கேட்டு, அதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது வெப்பம். சென்னைவாசிகள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன். அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது, ஏசி இல்லாத மாடி அறையின் உட்புறமும் மாலைவரை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அறையின் வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு டிகிரி சிப்பின் வெப்பமும் கூடும். வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்கும் 120 மில்லிமீட்டர் விசிறிகளும் உள்ள டெஸ்க்டாப் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே எல்லையை ஒட்டி ஓடும் லேப்டாப்போ, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நான் 2019-இல் வாங்கிய கேமிங் லேப்டாப், மூன்றாம் ஆண்டில் விளையாட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடமே இரையத் தொடங்கியது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துணியைப் போலத் தூசி படிந்து, காற்று வெளியேறும் வழியையே அடைத்திருந்தது. அதை முழுத்தாளாக உரித்தெடுத்து, சிப்பின் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய பிறகு, 95 டிகிரியில் நின்ற வெப்பம் 80-ஐ ஒட்டி இறங்கியது. டெஸ்க்டாப்பிலும் தூசி சேரத்தான் செய்யும். ஆனால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மாதம் ஒருமுறை புளோயரால் ஊதிவிட்டால் போதும். அதே சமயம், 400 வாட் எடுக்கும் டெஸ்க்டாப் அத்தனை வெப்பத்தையும் அறைக்குள்ளேயே கொட்டும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; சிறிய படுக்கையறையில் இதை நன்றாகவே உணரலாம்.

மின்சாரம் என்று வந்தால் லேப்டாப்பின் கை ஓங்குகிறது. கரண்ட் போனாலும் அதன் பேட்டரி வேலையைக் காப்பாற்றிவிடும். டெஸ்க்டாப்புக்குத் தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டும். அதிலும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் மட்டுமே தாங்குவதால், விளையாட்டின் நடுவே அது கைவிட்டுவிட வாய்ப்புண்டு. 1000 விஏ அல்லது அதற்கு மேல் வாங்குவதே பாதுகாப்பு. தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால், இரண்டு மாத ரீடிங்கில் 350 வாட் டெஸ்க்டாப் ஏறக்குறைய 63 யூனிட்டும் 180 வாட் லேப்டாப் 32 யூனிட்டும் சேர்க்கும். கோடையில் ஏசியால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் இந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. ஆனால் பேட்டரியை நம்பி விளையாடலாம் என்று எண்ண வேண்டாம். விமானத்தில் தடையின்றி எடுத்துச் செல்வதற்கான வரம்பு 100 வாட்-மணி என்பதால் லேப்டாப் பேட்டரிகள் அதற்குள்தான் இருக்கும். 150 வாட் எடுத்தால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

விலையை ஒப்பிடும்போது, டெஸ்க்டாப் கொட்டேஷனில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ், விண்டோஸ் உரிமம் எல்லாம் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். “விண்டோஸ் நாங்களே போட்டுத் தர்றோம்” என்றால் உரிமம் இல்லாததைத்தான் போடுகிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இவற்றையெல்லாம் கூட்டினால், நடுத்தர விலையில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி நினைத்ததைவிடக் குறைவுதான்.

உண்மையான வித்தியாசம் நான்காம் ஆண்டில்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. பழுதானது மட்டும் சர்வீசுக்குப் போகும். 2017-இல் ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் பொருத்தி ஓட்டினார்கள். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதைத் தொட முடியாது. எப்போதும் சார்ஜரிலேயே இருந்த என் லேப்டாப்பின் பேட்டரி உப்பி, டச்பேடை மேலே தள்ளியது. அந்த ஒரு பாகத்துக்காக முழு இயந்திரத்தையும் மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

ஆகவே அக்கா மகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வருடத்தில் எத்தனை நாள் இந்த இயந்திரம் வீட்டைவிட்டு வெளியே போகும்? விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவன் என்றால் யோசிக்காமல் 4060 லேப்டாப்பை வாங்கிக் கொடுத்திருப்பேன். இவனோ வேளச்சேரியிலிருந்து தினமும் பறக்கும் ரயிலில் கல்லூரி போய்வரப் போகிறவன். இரண்டரைக் கிலோ லேப்டாப்பையும் முக்கால் கிலோ சார்ஜரையும் நெரிசலில் சுமந்துபோய், வகுப்பில் நோட்ஸ் மட்டும் எடுப்பதில் பயனில்லை. அதற்கு அவன் அப்பாவின் பழைய லேப்டாப் போதும்.

டெஸ்க்டாப்தான் வாங்கினோம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்கிக்கொண்டோம். அக்கா வீடு தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற வீடு. அதனால் கேபினெட்டை மேசைக்குக் கீழே வைக்கவில்லை. மேசைமேல் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து, யூபிஎஸ்ஸையும் சுவரில் ஓர் அலமாரி அடித்து அதன்மேல் ஏற்றிவிட்டோம்.