ஆட்டோ கீல்கள்: ஆறாண்டுப் பயன்பாடும் ஒரு பின்திருகின் தொல்லையும்

சென்ற வாரம் சமையலறையில் பருப்பு டப்பாக்கள் இருக்கும் மேல் அலமாரியைத் திறந்தபோது, அதன் கதவு மேல்கீலிலிருந்து கழன்று, கீழ்க்கீல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தது. அதைச் சரிசெய்த இரண்டாம் நாள், தாம்பரத்தில் தன் வீட்டு அலமாரிகளைத் தானே செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், பதினாறு கதவுகளுக்கு எந்தக் கீல் வாங்கலாம் என்று தொலைபேசியில் கேட்டார். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால், இந்த அனுபவப் பகிர்வில் தோள்வலியும் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும்.

முன்சட்டம் இல்லாத பெட்டி அலமாரிகளுக்கு கதவின் உட்புறக் குழியில் அமரும் 35 மி.மீ. கிண்ணமும் கதவைத் தானாக இழுத்து மூடும் ஸ்பிரிங்கும் உள்ள ஆட்டோ கீல்தான் என்பதிலும், கீலின் கையைத் தாங்கும் தகட்டின் திருகுகள் பக்கப்பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே வர வேண்டும் என்பதிலும் எவருக்கும் ஐயம் இருக்காது. ஆஸ்திரியாவின் பிளம் நிறுவனக் கீல் நல்லதா, ஜெர்மனியின் ஹெட்டிக் நிறுவனக் கீல் நல்லதா என்று பெயரை வைத்தே நாம் பெரிதும் விவாதிக்கிறோம். என் அனுபவத்தில், கதவிலுள்ள கிண்ணம் யாருடையது என்பதைவிட, கீலின் கை பலகையிலுள்ள தகட்டோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் அன்றாடம் கையை உறுத்துகிறது அல்லது உறுத்தாமல் இருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் சமையலறைக்கும் லாஃப்ட்டுக்கும் நான் பொருத்தியவை ஸ்லைடு ஆன் வகைக் கீல்கள். பெட்டியின் மேல் பெயர்கூடத் தெளிவாக அச்சாகாத சரக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்துப் புத்தக அலமாரிக்குப் பொருத்தியவை கிளிப் ஆன் வகை. விலை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இரண்டிலும் பலகை அதே 18 மி.மீ. பிளைவுட்தான், இருபுறமும் மைக்கா ஒட்டியது. துளையிட்டதும் அதே 35 மி.மீ. பிட்டால், அதே கையால். ஆகவே வேறுபாட்டுக்குப் பலகையையோ ஆசாரியையோ குறைசொல்ல வழியில்லை. ஆசாரியே நான்தான்.

ஸ்லைடு ஆன் கீலின் கையில் பின்பக்கம் வாய்திறந்த ஒரு பிளவு இருக்கும்; அது தகட்டிலுள்ள திருகின் தலைக்கடியில் நுழைந்து நிற்கும். அந்தப் பின்திருகை முடுக்கினால்தான் கை நகராமல் இருக்கும். கதவைப் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்த முன்திருகைத் திருப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன் பின்திருகைத் தளர்த்த வேண்டும். தளர்த்திய கணமே கை முன்பின்னாக வழுக்கி, கதவுக்கும் பெட்டிக்கும் இடையே சரியாக வைத்திருந்த இடைவெளி போய்விடும். ஒன்றைச் சரிசெய்யப்போய் மற்றொன்றைக் கெடுத்து, இரண்டையும் மீண்டும் சரிசெய்துவிட்டு நிமிரும்போது, பக்கத்துக் கதவோடு மேல்விளிம்பு ஒத்துவராமல் நிற்கும். இதைவிட மோசம், ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்து மூடும் கதவில் அந்தப் பின்திருகு ஒவ்வொரு அதிர்வுக்கும் நூலிழை அளவு தளர்ந்துகொண்டே வருவது. முதலில் கதவு மெல்லச் சாயும், பிறகு கீழ்மூலை பெட்டியின் அடிப்பலகையில் உரசும், அதையும் கண்டுகொள்ளாவிட்டால் கை முன்னால் வழுக்கித் தகட்டைவிட்டே வெளியே வந்துவிடும். அன்று என் தோளில் சாய்ந்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். திருகின் மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து முடுக்கினால் நெடுநாள் தாங்குகிறது என்பதை மனைவியின் நகப்பூச்சுப் புட்டி பாதி காலியான பிறகு கண்டுகொண்டேன்.

நியாயமாகப் பேசினால், அந்தக் கீல்களின் இரும்பில் குறையில்லை. ஆறு ஆண்டுகளில் ஒரு ஸ்பிரிங்கும் சோரவில்லை. மூடும் கடைசிக் கட்டத்தில் கதவைச் சுண்டி இழுக்கும் வேகம் முதல் நாள் இருந்ததுபோலவே இருக்கிறது. லாஃப்ட்டில், ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் திறக்கும் கதவுகளில், இன்றுவரை ஒரு பின்திருகும் தளரவில்லை.

கிளிப் ஆன் வகையில் இந்தத் துயரம் கிடையாது. கையின் பின்முனையிலுள்ள சிறு நெம்பை விரலால் அழுத்தினால் கதவு கழன்று கைக்கு வந்துவிடும், திரும்ப வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், சரிசெய்து வைத்திருந்த இடைவெளி அப்படியே இருக்கும். பக்கவாட்டுக்கு ஒரு திருகு, ஆழத்துக்கு ஒரு திருகு, ஒன்று மற்றொன்றில் தலையிடாது. போன பொங்கலுக்குச் சுவருக்கு வண்ணம் அடித்தபோது, புத்தக அலமாரியின் எட்டுக் கதவுகளையும் கழற்றி, பின்னால் பென்சிலால் எண் எழுதிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, மறுநாள் மாட்டினேன். ஸ்குரூடிரைவரைக் கையிலெடுக்கவே இல்லை. எட்டுக் கதவுகளுக்கும் இடையே பழைய மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கோடுபோல இறங்கியதைப் பார்த்து, காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் கிராங்க் விஷயத்தில் நான் செய்த பிழையையும் நண்பரிடம் மறைக்கவில்லை. ஓரப்பலகையை முழுவதும் மூடும் கதவுக்கு ஜீரோ கிராங்க். நடுப்பலகை ஒன்றை இரு கதவுகள் பங்கிட்டுக்கொண்டால் இரண்டுக்கும் எட்டு கிராங்க். பெட்டிக்குள் பொதிந்து நிற்கும் கதவுக்குப் பதினாறு. இது தெரிந்திருந்தும் நான் எல்லாவற்றையும் ஜீரோவாக வாங்கிவந்துவிட்டேன். மைக்காவோடு சேர்த்து இருபது மி.மீ.கூடத் தேறாத நடுப்பலகையில் இரு கதவுகளும் தலைக்குப் பதினாறு மி.மீ. ஏறிக்கொள்ளப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு கதவு மூடியிருந்தால் மற்றது மூடாது. கிண்ணத்துக்கும் கதவு விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஒரு மி.மீ. குறைத்தால் கதவு பலகையை மூடுவதும் ஒரு மி.மீ. குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தூரம் மூன்றிலிருந்து ஆறு மி.மீ.க்குள்தான் விளையாடும். எட்டு மி.மீ. பிழையை அது விழுங்காது.

அதே நடுப்பலகையில் இன்னொரு பொறியும் உண்டு. இருபுறமும் ஒரே உயரத்தில் தகடு வைத்து 16 மி.மீ. திருகுகளை இறக்கினால், இரு திருகுகளும் பலகைக்குள்ளேயே முட்டிக்கொள்ளும். நான் முடுக்கியபோது உள்ளே ‘கிர்’ரென்று ஓர் ஒலி கேட்டது, எதிர்ப்பக்கத் தகடு மைக்காவிலிருந்து மெல்ல எழும்பியது. இப்போது இரு பக்கத் திருகுகளும் ஒரே உயரத்தில் வராதபடி, மறுபக்கத்துக் கீலைச் சற்றுக் கீழே தள்ளி வைக்கிறேன்.

கதவை ஓசையில்லாமல் மெல்ல மூடவைக்கும் சாஃப்ட் குளோஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் தண்ணீர் குடிக்கப் போகிறவருக்கு அது வரம்தான். ஆனால் மசாலா டப்பாக்கள் இருக்கும் ஓரடி உயரக் கதவில் இரண்டு கீலும் சாஃப்ட் குளோஸாக இருந்தபோது, கனமில்லாத அந்தக் கதவு பாதியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மூடியது. ஒன்றை எடுத்துவிட்டுச் சாதாரணக் கீலைப் போட்ட பிறகு ஒழுங்காக இருக்கிறது. சிங்க்குக்குக் கீழே நிக்கல் பூச்சுக் கீல் வேண்டாம். திருவான்மியூர்க் கடற்காற்றில் மூன்றாவது ஆண்டே தகட்டு ஓரங்களில் துரு பூத்துவிட்டது. அங்கே எஸ்.எஸ். 304 எனும் துருப்பிடிக்காத எஃகுக் கீல்களை மாற்றியிருக்கிறேன், திருகுகளையும் சேர்த்து.

ஆகவே, கணக்குப்படி நண்பருக்கு நான் சொல்ல வேண்டியது தெளிவாகவே இருந்தது: அடிக்கடி திறக்கும் பத்துக் கதவுகளுக்குக் கிளிப் ஆன், லாஃப்ட்டின் ஆறு கதவுகளுக்கு மலிவான ஸ்லைடு ஆன், மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக்கா. ஆனால் பதினாறுக்கும் கிளிப் ஆன் என்றே எழுதி அனுப்பினேன். லாஃப்ட்டுக்கும் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டபோது, தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். விலையைப் பார்க்காமல் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.