வெள்ளை உலோகமா, பித்தளைத் தகடா? மாதிரி ரயில் கிட்கள் குறித்து ஓர் ஒப்பீடு

முதன்முதலாக உலோகக் கிட் வாங்கி ஓர் எஞ்சினைக் கட்ட நினைப்பவருக்கு, பிரிட்டனின் மாதிரி ரயில் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. வெள்ளை உலோக வார்ப்பில் தொடங்குங்கள், பசை போட்டே ஒட்டிவிடலாம். கை பழகியபின் பித்தளைத் தகட்டுக்குப் போங்கள் என்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. எது எளிது என்பதற்கு முன்னால், எந்த எஞ்சினை, எந்த வேகனைக் கட்டப் போகிறோம் என்று கேட்க வேண்டும். உண்மை வண்டியில் தகடாக இருந்த பகுதி தகட்டில்தான் நன்றாக வரும். வார்ப்பாக இருந்தது வார்ப்பில்தான் வரும். விதிவிலக்குகளும் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே நான் கணக்கில் எடுத்துக்கொள்வது டபுள் ஓ அளவை. உண்மையில் ஓர் அடி நீளம் மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு.

பெட்டியைத் திறந்ததுமே இரண்டும் வேறு வேறு உலகம் என்று தெரிந்துவிடும். வெள்ளை உலோகக் கிட்டில் சாம்பல் நிறத் துண்டுகள் கனமாக அடுக்கப்பட்டிருக்கும்: கொதிகலனின் இரு பாதிகள், தண்ணீர்த் தொட்டியின் பக்கங்கள், ஓட்டுநர் அறை, புகைபோக்கி. வெள்ளீயம், காரீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி, சுழலும் ரப்பர் அச்சில் ஊற்றுகிறார்கள். சுழற்சி விசை உலோகத்தை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிடுகிறது. ரப்பர் அச்சுக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை என்பதால் சிறிய பட்டறைகளே இந்தத் தொழிலை நடத்த முடிந்தது. ‘கேஸ்’, ‘வில்ஸ்’ போன்ற கிட் நிறுவனங்கள் ஒரு தலைமுறைக்கே எஞ்சின் கட்டக் கற்றுக்கொடுத்தன.

பித்தளைக் கிட் பெட்டியில் இருப்பது தட்டையான தகடுகள்தான். வரைபடத்தைப் புகைப்பட முறையில் தகட்டின் இரு முகங்களிலும் பதித்து, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்க விடுகிறார்கள். இரு முகத்திலும் அரித்தால் உலோகம் அறுபட்டுவிடும். ஒரு முகத்தில் மட்டும் அரித்தால் பாதி ஆழத்துக்குப் பள்ளம் விழும். நீளமாக விழுந்த பள்ளம் மடிப்புக் கோடு ஆகிறது. பின்புறம் புள்ளியாக விழுந்ததை ஊசிமுனையால் அழுத்தினால் முன்புறம் ரிவெட் தலை எழுகிறது. தகட்டின் கனம் பெரும்பாலும் 0.25 முதல் 0.45 மி.மீ. வரை.

இந்தக் கனம்தான் முதல் தீர்ப்பைச் சொல்கிறது. வார்ப்பில் ஓட்டுநர் அறையின் பக்கச் சுவர் 1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். உண்மை அளவில் அது 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். கால் அங்குல இரும்புத் தகடு டபுள் ஓ அளவில் 0.08 மி.மீ. மட்டுமே. 0.38 மி.மீ. பித்தளையும் இந்தக் கணக்கில் தடிமன்தான், ஆனால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. மூன்று அங்குலச் சுவரை ஏற்பதில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கு ரயில்வேயில் ஓடிய சிறிய தொட்டி எஞ்சினான (தண்ணீரைத் தன் உடலிலேயே சுமப்பது) ஜே72-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் வில்சன் வோர்ஸ்டெல் வடிவமைத்தது. 1951 வரை மொத்தம் 113 கட்டப்பட்டன. தட்டையான தொட்டிப் பக்கம், பக்கவாட்டில் திறப்புள்ள ஓட்டுநர் அறை. அந்தத் திறப்பின் விளிம்புதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் இடம். இப்படிப்பட்ட எஞ்சினுக்கு நான் தகட்டைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். கையில் இருப்பது வார்ப்புக் கிட்தான் என்றால், திறப்பின் உட்புற விளிம்பை அரத்தால் சாய்வாகச் சீவி, வெளி விளிம்பு மட்டும் மெலிந்து தெரியும்படி செய்யலாம். நல்ல உத்திதான், தகட்டுக்கு ஈடாகாது.

அதே எஞ்சினின் புகைபோக்கியையும் கொதிகலன் மேலுள்ள டோமையும் பாருங்கள். அடியில் விரிந்து கொதிகலனின் வளைவோடு ஒட்டி இறங்கும் அந்த வடிவத்தைத் தட்டைத் தகட்டிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. நல்ல தகட்டுக் கிட் எதுவும் அதற்கு முயல்வதும் இல்லை. இவற்றை வெள்ளை உலோகத்திலோ பித்தளை வார்ப்பிலோ சேர்த்துத்தான் தருகிறார்கள். ஆக, போட்டி என்று நாம் சொல்வது வண்டியின் பெரும்பகுதி எதில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.

இப்போது விலக்கு. பிரிட்டிஷ் ரயில் பொறியாளர் நைஜல் கிரெஸ்லியின் ஏ4 வகை எஞ்சின்கள் 35, 1935-க்கும் 1938-க்கும் இடையே கட்டப்பட்டவை. காற்றைக் கிழிக்கும் அந்த முகப்பு உண்மையில் தகடுதான். ஆனால் அது ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் வளைகிறது. ரயில்வே பணிமனையிடம் அதற்கான கருவிகள் இருந்தன. நம் மேசையில் இல்லை. இங்கே வார்ப்பு வெல்கிறது, நான் தயங்காமல் வார்ப்பையே வாங்குவேன். ஒரு திசையில் மட்டும் வளையும் வடிவம் வேறு கதை. 1943-இல் வந்த ஹன்ஸ்லட் ஆஸ்டரிட்டி எஞ்சினின் சேணம் போன்ற தொட்டி அந்த வகை. தகட்டைச் சுடரில் காட்டி மென்மையாக்கி, தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, இரும்புத் தண்டால் அழுத்தி உருட்ட உருட்ட வளைந்து வரும். வார்ப்பில் கொதிகலனோ தொட்டியோ இரு பாதிகளாக வந்தால், உச்சியில் ஓடும் இணைப்புக் கோட்டை நிரப்பித் தேய்த்து மறைக்கும் வேலை இதைவிட நீளமானது.

அடுத்தது சால்டரிங், அதாவது ஈயம் எனப்படும் இணைப்புக் கலவையை உருக்கித் துண்டுகளைப் பற்றவைப்பது. வெள்ளை உலோகம் எளிது என்ற நம்பிக்கை இங்கேதான் தடுமாறுகிறது. கலவையைப் பொறுத்து அது 200 டிகிரிக்கு முன்பின்னாகவே உருகிவிடும். சாதாரண சால்டரிங் அயர்னின் முனை 300 டிகிரியைத் தாண்டி நிற்பது. அதனால் பிஸ்மத் கலந்த, 70 டிகிரியில் உருகும் தனி ஈயமும், வெப்பத்தைக் குறைத்து வைக்கக்கூடிய அயர்னும் வேண்டும். இணைப்பில் பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ் (உலோகத்தைத் துப்புரவாக்கி ஈயத்தைப் பாய வைக்கும் திரவம்) ஒரு சொட்டு விட்டு, முனையில் சிறிது ஈயத்தை ஏந்திக்கொண்டு போய்த் தொட வேண்டும். ஃபிளக்ஸ் சுர்ரென்று கொதிக்கும். அந்தக் கணத்தில் ஈயம் பாதரசம்போல் மின்னி, இடுக்கு முழுவதும் தானாகப் பாய்ந்துவிடும். பாய்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். முனை சூடாக இருந்தாலோ கொஞ்சம் தாமதித்தாலோ, முதலில் பளபளப்பு மாறும், அடுத்து மூலை சரிந்து உட்காரும். படிக்கட்டு போன்ற மெல்லிய துண்டு என்றால் துளியாகச் சுருண்டுவிடும். போன வடிவம் திரும்பாது.

பித்தளையில் தவறு என்பது இன்னொரு முறை சூடுபடுத்தினால் தீர்வது. 145 அல்லது 188 டிகிரி ஈயத்தால் ஒரு மூலையில் மட்டும் புள்ளி வைத்துப் பிடிக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் முனையைத் தொட்டு, நிமிர்த்தி, மறு மூலையில் புள்ளி வைத்து, எல்லாம் நேராக நின்றபின் உட்புறமாக ஈயத்தை ஓட்டலாம். அதனால்தான் தொடக்கக்காரருக்கு நான் தகட்டையே கொடுப்பேன், அதுவும் முடிந்தால் நிக்கல் சில்வர் தகட்டை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த இந்தக் கலவையைவிடப் பித்தளை ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. பித்தளையில் ஒரு மூலையைச் சூடாக்கினால் பக்கத்து மூலையில் ஏற்கெனவே வைத்த துண்டும் கழன்று வரலாம். நிக்கல் சில்வரில் சூடு வைத்த இடத்திலேயே நிற்கும். விலை சற்றுக் கூடுதல். அந்தக் காசு வீண்போகாது.

பசைக்கும் நியாயம் செய்ய வேண்டும். மெதுவாக இறுகும் எப்பாக்ஸியால், உலோகத்தைப் பளிச்சென்று தேய்த்து ஒட்டிய வெள்ளை உலோக எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடுகின்றன. சால்டரிங் செய்ய வழியே இல்லாத வீட்டில் அது நல்ல வழி. ஆனால் ஐந்து நிமிடப் பசையை நம்பி எஞ்சினின் அடித்தளத்தை ஒட்டாதீர்கள். பித்தளையோடு வெள்ளை உலோகத்தைச் சேர்க்கும்போது இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். 70 டிகிரி ஈயம் வெறும் பித்தளையில் பிடிக்காது. முதலில் 145 டிகிரி ஈயத்தை மெல்லிய படலமாகப் பூசிவிட்டு அதன்மேல் வைக்க வேண்டும். எந்த வேலை முடிந்தாலும் அன்றே வெந்நீரில் கழுவிவிடுங்கள். தங்கிய ஃபிளக்ஸ் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும், பெயின்ட்டும் உரிந்து வரும். குறைந்த சூட்டு ஈயத்தில் காரீயமும் சில வகைகளில் காட்மியமும் உண்டு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

எடையில் வெள்ளை உலோகத்துக்குத் தெளிவான வெற்றி உண்டு. ஓட்டும் சக்கரங்களின்மேல் எவ்வளவு எடை அமர்கிறதோ அவ்வளவு இழுவை. வார்ப்பு எஞ்சின் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே கனத்தோடு வருகிறது. ஆறு சக்கரத் தொட்டி எஞ்சினுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. ஆனால் எடை எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. முன்னால் நான்கு ஓட்டும் சக்கரங்கள், பின்னால் நான்கு சிறு சக்கரங்கள் என்று அமைந்த எஞ்சினில் கனமான ஓட்டுநர் அறையும் நிலக்கரிப் பெட்டியும் பின்புறத்தை அழுத்தும், ஓட்டும் சக்கரம் வழுக்கும். தகட்டு எஞ்சின் உள்ளே வெற்றிடம். காரீயத்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். காரீயக் குண்டுகளை வெள்ளைநிற பி.வி.ஏ. பசையில் குழைத்துக் கொதிகலனுக்குள் அடைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஆண்டுகள் போகப்போகக் காரீயம் பசையோடு வினைபுரிந்து பருத்து, கொதிகலனையே பிளந்துவிடும். எப்பாக்ஸி போதும். மோட்டார் இடமும் இதையொட்டியதுதான். நான்கடி விட்டமுள்ள கொதிகலன் நமக்கு 16 மி.மீ.; வார்ப்புச் சுவர் பக்கத்துக்கு 1.5 மி.மீ. எடுத்துக்கொண்டால் உள்ளே 13 மி.மீ. மிஞ்சும். பழைய விக்டோரியா கால எஞ்சின்களில் இந்த மூன்று மில்லிமீட்டர்தான் நல்ல மோட்டாருக்கும் ஒப்பேற்றிய மோட்டாருக்கும் உள்ள தூரம்.

ஓடும் அடிச்சட்டத்தில் போட்டியே இல்லை, தகடுதான். பழைய வார்ப்புக் கிட்களின் அடிச்சட்டம் தடித்த உலோகத்தில், டபுள் ஓவின் வழக்கமான 16.5 மி.மீ. பாதைக்கென்றே (தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) அளவு நிறுத்தி வந்தது. தகட்டுச் சட்டத்தில் குறுக்குத் துண்டின் அகலத்தை மாற்றினால் போதும்; ஈ.எம். என்னும் 18.2 மி.மீ. பாதைக்கும், அளவு தவறாத 18.83 மி.மீ. பாதைக்கும் அதே கிட்டைக் கட்டலாம். இந்திய அகலப்பாதையை இந்த அளவில் செய்ய ஆசைப்படுபவருக்கும் இது சேதி: 5 அடி 6 அங்குலம் என்பது 4 மி.மீ. அளவில் மிகச்சரியாக 22 மி.மீ. அதற்குக் குறுக்குத் துண்டைத் தகட்டில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். அச்சுத் தாங்கிகளைச் சட்டத்தில் பொருத்தும்போது, சக்கரங்களை இணைக்கும் தண்டுகளையே அளவுகோலாக மாட்டி அந்த நிலையில் ஈயம் வைத்தால், தண்டின் துளை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒன்றாகிவிடும். எஞ்சின் விக்காமல் ஓடுவதற்கான பாதி வேலை இதுதான். வெள்ளை உலோக உடல் பிடித்துப்போய் வாங்கினாலும், அதன் அடியில் தனியாக விற்கப்படும் தகட்டுச் சட்டத்தைப் போடுங்கள்.

வேகன்களில் விவாதம் குறுகியது. பலகையால் ஆன பழைய வேகனுக்கு வார்ப்பும் சரி, பிளாஸ்டிக்கும் சரி. பலகை தடிமனாகத்தான் இருந்தது. 16 டன் இரும்பு நிலக்கரி வேகனுக்கு, குறிப்பாக வெறுமையாக ஓடுவதைக் காட்ட வேண்டுமென்றால், தகடு மட்டுமே. மேல் விளிம்பு முழுநீளமும் கண்ணுக்குத் தெரியும். எடையும் பாருங்கள்: அச்சுக்கு 25 கிராம் என்பது பலர் பின்பற்றும் இலக்கு. முழு வார்ப்பு வேகன் இதை எளிதில் தாண்டிவிடும். முப்பது நாற்பது வேகன்கள் கோத்த நிலக்கரி ரயிலில் அந்தக் கூடுதல் எல்லாம் சேர்ந்து ஏற்றத்தில் எஞ்சினை நிறுத்திவிடும். அச்சுப்பெட்டி, ஸ்பிரிங், பிரேக் போன்ற சிறு துண்டுகள் மட்டும் வெள்ளை உலோகத்தில் இருந்தால் போதுமானது.

கடைசியாக, வாங்கும் இடம். பழைய வார்ப்புக் கிட்கள் கண்காட்சிகளின் மறுவிற்பனை மேசைகளில் மலிவாகக் கிடைக்கின்றன; வேறொருவர் கோணல்மாணலாகக் கட்டியவை இன்னும் மலிவு. அவற்றைத் தயங்காமல் வாங்கலாம் என்பேன். 70 டிகிரி ஈயத்தால் இணைத்தவை கொதிக்கும் நீரில் போட்டதும் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். எப்பாக்ஸியால் ஒட்டியவையும் வெந்நீரில் இளகும். புகைபோக்கியும் டோமும் குறையில்லாமல் இருக்கின்றனவா, துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பழைய தகட்டுக் கிட்டை வாங்கும்போது எச்சரிக்கை வேறு மாதிரி. பிரிக்காத பெட்டியாக இருந்தால், செய்முறைத் தாள் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மடிப்பு வரிசை தெரியாமல் தகட்டை மடித்துத் திரும்ப விரித்தால், பாதி கனமுள்ள அந்தக் கோடு ஒன்றிரண்டு தடவைக்குமேல் தாங்காது, முறிந்துவிடும். பாதி கட்டியதாக இருந்தால் உட்புற மூலைகளில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் கழுவித் தேய்த்துவிடலாம். மடிப்புக் கோடுகளுக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிடுங்கள்.