பழைய சிம், பூட்டிய போன், ஐந்து நாட்கள்

வந்திறங்கியதும் பழைய சிம்மை எடுத்துப் போட்டுக்கொள்வது வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வரும் நம் எல்லோருக்கும் பழகிய வேலை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த அட்டை அது. நான் இல்லாத காலத்திலும் அண்ணன் தவறாமல் ரீசார்ஜ் செய்து அந்த எண்ணைக் காப்பாற்றி வந்தார். உறவினர்களின் போன்களில் என் பெயருக்கு நேரே இருப்பது அந்த எண்தான் என்பதால், புதிய எண் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் மறுத்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தபோது வேறு போன் வைத்திருந்தேன். அதில் போட்ட உடனே வேலை செய்தது. இம்முறை புதிய போனில் போட்டபோது திரையில் 'சிம் இல்லை' என்று வந்தது. அந்த இரண்டு சொற்களில் தொடங்கிய வேலை ஐந்து நாட்களுக்குப் பின்தான் முடிந்தது.

முதல் தடைக்குக் காரணம் நானேதான். பெரிய அளவில் இருந்த அட்டையை எப்போதோ கத்தரிக்கோலால் 'நானோ சிம்' என்ற மிகச் சிறிய அளவுக்கு வெட்டியிருந்தேன். 12.3 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கத்தரித்துக் கொண்டுவந்துவிடக் கூடிய அளவுகள்தான், தடிமன் அப்படியல்ல. பழைய அட்டைகள் 0.76 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை, நானோ சிம்முக்கு உரியது 0.67. இந்தச் சிறு வேறுபாட்டால் அட்டை தட்டில் சமமாக உட்காராமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஊசிகள் பொன்னிறத் தகட்டைத் தொடாமல் நின்றன. அண்ணி பின்புறத்தை மெல்லிய உப்புத்தாளில் சீராகத் தேய்த்து, தகட்டை உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுத்த பிறகு போன் அட்டையைப் படித்தது. படித்ததும் பின் எண்ணைக் கேட்டது.

பின் எண் எனக்கு நினைவில் இல்லை. மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். அதன்பின் நிறுவனம் தரும் எட்டு இலக்கப் பியூகே எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் அட்டை நிரந்தரமாகப் பயனற்றுப் போகும். இரண்டு முறை தவறியதும் நான் கையை எடுத்துவிட்டேன். ஊகத்தில் மூன்றாம் முறையையும் தொலைத்துவிடும் எல்லோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: இரண்டோடு நிறுத்திவிடுங்கள். அம்மா சற்று யோசித்து, "அப்பா எல்லாத்துக்கும் வீட்டு போனோட கடைசி நாலு நம்பரைத்தானே வைப்பார்" என்றார். அதுவே சரியாக இருந்தது.

பூட்டு திறந்ததும் வந்த செய்தி 'சிம் ஆதரிக்கப்படவில்லை'. இதற்கும் முந்தைய செய்திக்கும் உள்ள வேறுபாட்டை அன்றிரவே நான் புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. 'சிம் இல்லை' என்றால் போன் அட்டையைக் காணவில்லை. 'ஆதரிக்கப்படவில்லை' என்றால் கண்டது, படித்தது, படித்துவிட்டு மறுக்கிறது. நான் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். போனை அணைத்துப் போட்டேன், விமானப் பயன்முறையை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பிணைய அமைப்புகளை முழுவதும் மீட்டமைத்தேன். அந்தக் கடைசி வேலையில் சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் அத்தனையும் அழிந்துபோனதுதான் மிச்சம்.

மறுநாள் போன சேவை மையத்தில், அட்டையைக் கையில்கூட வாங்காமல், "கார்டு பழசு சார், போயிருக்கும், புதுசு மாத்திக்குங்க" என்றார்கள். அதை நம்பி வரிசையில் நிற்கவும் ஆயத்தமானேன். அடையாளச் சான்றின் நகல் கையில் இல்லாததால் திரும்ப நேர்ந்தது. அன்று நகல் இருந்திருந்தால் பழைய அட்டையை இழந்து புதிய அட்டையோடு வீட்டுக்கு வந்திருப்பேன். திரையில் அதே செய்தியைத்தான் பார்த்திருப்பேன்.

மூன்றாம் நாள் வேறொரு மையத்துக்குப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண்ணைப் பற்றி விரிவாக எழுதாமல் என்னால் இதைக் கடந்து செல்ல முடியாது. என் கதையை அவர் பாதியில் நிறுத்தி, "சார், இந்த கார்டை வேற போன்ல போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மூன்று நாட்களாக வீட்டில் ஒருவருக்கும், நான் வாழும் நாட்டில் இருந்து அரட்டை வழியே வழிகாட்டியவர்களுக்கும் தோன்றாத கேள்வி அது. இழுப்பறையில் இருந்து ஒரு பழைய பட்டன் போனையும், சிறிய சிம்மைப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் எடுத்தார். சட்டத்தில் அட்டையைப் பொருத்தி, பின்புறம் நழுவாமல் இருக்க ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். ஒட்டாவிட்டால் வெளியே இழுக்கும்போது ஊசிகள் சட்டத்தில் மாட்டி வளைந்துவிடும் என்றார். பட்டன் போனில் சிக்னல் முழுதாக வந்தது. அவரது போனில் இருந்து என் எண்ணை அழைத்தார், மணி அடித்தது. பிறகு தம் சொந்த சிம்மைக் கழற்றி என் போனில் போட்டார். அதுவரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அந்த அட்டைக்கும் 'சிம் ஆதரிக்கப்படவில்லை' என்றே வந்தது. "கார்டுல குறை இல்ல சார், போன்தான் லாக்ல இருக்கு" என்றார். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை.

நான் வாழும் நாட்டில் இந்தச் சோதனையை யாரும் எனக்குச் செய்து காட்டியதில்லை. அங்கே உதவியாளரின் முன் ஒரு பட்டியல் இருக்கும். மரியாதையாக, பொறுமையாக, அந்தப் பட்டியலின் வரிசை மாறாமல் பேசுவார்கள். அந்த மரியாதையை நான் மதிக்கிறேன், ஆனால் கையில் எடுத்துப் பார்ப்பவரின் பத்து நிமிடத்துக்கு அது ஈடாகாது. அந்தப் பெண் இருந்த அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, முதல் மையம் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியதையும் நான் மறைக்கவில்லை.

பூட்டுக்குக் காரணம், அந்தப் போனை நான் வாழும் நாட்டில் தவணையில் வாங்கியதுதான். அட்டைக்குள் இருக்கும் 15 இலக்க அடையாள எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தையும் குறிக்கின்றன. பூட்டிய போன் அதைப் படித்து, தன்னை விற்ற நிறுவனத்தின் எண் இல்லையென்றால் மறுத்துவிடும். தவணை எப்போதோ முடிந்திருந்தது. பூட்டு தானாக விலகவில்லை, நாமே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், சரிபார்ப்புக் குறியீட்டை என் வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்பினார்கள். அந்த சிம்மை நான் போனில் இருந்து கழற்றிவிட்டிருந்தேன். மீண்டும் போட்டு, ரோமிங்கை இயக்கி, குறியீடு வருவதற்குள் அது காலாவதியாகி, மறுபடி கேட்டு, அவர்களின் பகல் எனக்கு இரவாக இருந்ததால் இரண்டு இரவுகள் விழித்திருந்துதான் அந்தப் பூட்டை எடுக்க முடிந்தது. முழுப் பணமும் கட்டி முடித்த ஒருவரிடம், அவர் பயன்படுத்த முடியாத எண்ணுக்குக் குறியீடு அனுப்பி அவர் யார் என்று கேட்பது எனக்கு இன்னமும் கோபமூட்டுகிறது. புறப்படும் முன்பே, அங்கே இருக்கும்போதே, அமைப்புகளுக்குள் போய் 'சிம் கட்டுப்பாடுகள் இல்லை' என்று காட்டுகிறதா என்று பார்த்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

பூட்டு நீங்கியபின் அழைப்புகள் வந்தன, இணையம் வரவில்லை. இணையத்துக்கான ஏபிஎன் என்ற அமைப்பைக் கையால் பதிந்தும் பயனில்லை. மீண்டும் அதே பெண்ணிடம் போனேன். என் அட்டை இரண்டாம் தலைமுறைக் காலத்தது என்றும், 4ஜி பிணையம் கேட்கும் யூசிம் என்ற பகுதி அதில் இல்லை என்றும், ஆகவே எந்தப் போனில் போட்டாலும் அது பழைய பிணையத்தில்தான் நிற்கும் என்றும் விளக்கினார். அட்டையை மாற்றத்தான் வேண்டும் என்பது ஐந்தாம் நாளில் உண்மையாயிற்று. ஆனால் இம்முறை எதற்காக மாற்றுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதே எண்ணில் புதிய அட்டை தந்தார். மாலைக்குள் பழைய அட்டையில் சிக்னல் மறைந்து புதியதில் வந்தது.

புதிய அட்டை வெறுமையாக வரும் என்பதையும் அவர்தான் முன்கூட்டிச் சொன்னார். அட்டையிலேயே பெயர்களைச் சேமித்த தலைமுறை நம்முடையது. பெரும்பாலான அட்டைகளில் 250 பெயர்களுக்குத்தான் இடம் இருந்தது, அதற்காகவே பெயர்களைச் சுருக்கிச் சுருக்கிப் பதிந்தோம். எண் புதிய அட்டைக்கு மாறினாலும் பழைய அட்டையின் நினைவகம் அழிவதில்லை. எனவே அதைத் தூக்கி எறியாமல் அண்ணனின் பழைய பட்டன் போனில் போட்டு, அதே பின் எண்ணை இட்டுத் திறந்தோம். சிக்னல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பெயர்கள் எல்லாம் இருந்தன. அம்மா ஒவ்வொன்றாக வாசிக்க நான் புதிய போனில் பதிந்தேன். அட்டையை வாங்கிய நாளில் அப்பா தம் கையால் பதிந்து கொடுத்தவை ஏழு பெயர்கள். அவற்றில் ஒன்று 'வீடு'. அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத்தான் சற்று முன்பு அழுத்தியிருந்தோம்.