மடவை வந்த நாளில் போக வேண்டிய கடை

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் கழிமுகத்தில் உள்ள புன்னைக்காயலில், மதியம் மட்டும் திறந்திருக்கும் சிறிய மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியலும் கிடையாது. நெல்லைச் சீமையில் மீன் சாப்பாடு என்றதும் தூத்துக்குடிக் கடைகளையும் திருச்செந்தூர்ச் சாலைக் கடைகளையும் சொல்வதே வழக்கம். அவை பெரும்பாலும் கடல்மீனை நம்பி நடப்பவை. இந்தக் கடையின் பலம் காயல் மீன், அதிலும் மடவை மீன். ஆறும் கடலும் கலக்கும் தண்ணீரில் அன்று காலை அகப்பட்டதை மட்டும் சமைக்கும் நாளில் இதற்கு நிகரான மீன் குழம்பை இந்தப் பக்கத்தில் நான் உண்டதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களின் விருப்பத்துக்கு இணங்கி வஞ்சிரம் வாங்கிப் பொரிக்கும் நாளிலோ இது எங்கும் இருக்கிற ஒரு கடைதான். ஆகவே இங்கே என்ன சாப்பிடுவது என்பதற்கு முன், எப்போது போவது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்கள் முத்தையாபுரம், பழையகாயல், முக்காணி கடந்து, தாமிரபரணிப் பாலம் ஏறி இறங்கி, ஆத்தூரில் கிழக்கே திரும்ப வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழி நல்லது. ஆத்தூர் வரையில் இது முழுக்க ஆற்று நிலம்: அகத்தியில் படர விட்ட வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் இருபுறமும் வருகின்றன. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் உண்ட பிறகு போடுவதற்கு ஒரு கவுளி வாங்கிக்கொண்டு போவது என் வழக்கம். அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போனால் கொடிக்கால் மறைந்து உடைமரமும் உப்பளமும் உமரிச் செடி படர்ந்த சேற்று வெளியும் தொடங்கிவிடுகின்றன. கடைசியில், ஆற்றின் கிளைகளை ஒட்டி, வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் அலையாத்தி மரங்கள். இவ்வளவு குறைந்த தொலைவுக்குள் நன்செய் உவர்நிலமாக மாறுவதைப் பார்த்துவிட்டு இலையின் முன் உட்கார்ந்தால், குழம்பில் இருக்கும் மீன் எங்கே மேய்ந்தது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சேறு பழைய கதையுள்ள சேறு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர, வணிகம் காயல் என்ற துறைமுக ஊருக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஓர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததைக் குறிப்பிடுகிறார். இடையன்குடி கால்டுவெல் ஆராய்ந்து அது இன்றைய பழையகாயல்தான் என்றார். பழையகாயலும் தூர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபோது புன்னைக்காயல் முன்னுக்கு நின்றது. போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார் 1586-இல் தமிழ் நூல் ஒன்றை அச்சிட்டது இந்த ஊரில்தான். பின்னர் வணிகம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கப்பலுக்கு ஆழம் போதாமல் செய்த அதே வண்டலை மேய்ந்துதான் மடவை கொழுக்கிறது. அச்சகம் இருந்த ஊர் என்பதற்காக இங்கே வருகிறவர்கள் ஒரு சிலரே. மடவைக்காக வருகிறவர்கள் அதிகம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தண்ணீரின் போக்கு இன்னும் முக்கியமானது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி வழியில் எட்டு அணைக்கட்டுகளில் வாய்க்கால்களுக்குப் பிரிந்து, எட்டாவதான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டும்போது கோடையில் இளைத்துவிடுகிறது. அப்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிக் காயல் முழுதும் உப்புக் கரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகும்போது நல்ல தண்ணீர் கடலைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் வருகிறது. கோடையில் இந்தக் கடையில் கிழங்கானும் நண்டும் நன்றாக இருப்பதற்கும், மழைக்காலத்தில் மடவை சினையோடு வருவதற்கும், ஆறு கலங்கி ஓடும் சில நாட்களில் காயல் மீனே இல்லாமல் போவதற்கும் இதுதான் காரணம். கடைக்காரப் பெண்மணி இதை மறைப்பதில்லை. ஒரு மழை நாளில் நான் உள்ளே நுழைந்ததுமே, “ஆத்துத் தண்ணி கலங்கிக் கெடக்கு அண்ணாச்சி, இன்னைக்கு மடவை கெடையாது. சாளைதான் இருக்கு, உட்காருதீயளா?” என்று கேட்டுவிட்டுத்தான் இலை போட்டார். பழைய மீனைப் புளியில் மறைத்துப் பரிமாறாமல் இப்படிக் கேட்பதே ஒரு கடைக்குப் பெரிய தகுதி என்று நான் நினைக்கிறேன்.

இனி மடவைக் குழம்பு. மடவையைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு குறை உண்டு. சேற்று வாடை அடிக்கும் என்பார்கள். அடியில் படிந்த பாசியையும் மக்கிய பொருளையும் மேய்கிற மீன் அது என்பதால் அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் வாடை சதையில் குடியிருப்பதைவிடச் சுத்தம் செய்வதில் காட்டும் அவசரத்தில்தான் அதிகம் இருக்கிறது. மடவையின் வயிற்றுக்குள் உட்புறமாக ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை நகத்தால் சுரண்டி எடுக்காமல் விட்டால் குழம்பு கசக்கும். இங்கே கடைக்குப் பின்புறம் உட்கார்ந்து மீன் அறுக்கும் மூதாட்டி அந்தச் சவ்வை ஒரு கீற்றுக்கூட மிச்சம் வைப்பதில்லை. பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் அலசி வைக்கிறார். தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், மல்லி, மிளகாய் எல்லாம் கரகரப்பு இல்லாமல் மைய அரைபட்டிருக்கின்றன. புளி தூக்கலாக இருக்கிறது, ஆனால் தேங்காயை அடக்கிவிடவில்லை. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காயைப் போடுகிறார்கள், அது இன்னும் நன்றாக இருக்கிறது. துண்டுகளை மிகவும் கடைசியில் போட்டு ஒரே கொதியில் இறக்குவதால் சதை குலைவதில்லை; எலும்பிலிருந்து தானாக விடுபடுகிறது. கடைகளில் மீன் குழம்பு என்ற பெயரில் ஊற்றப்படும் செக்கச் சிவந்த மிளகாய்த் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த மங்கிய காவி நிறம் ஏமாற்றமாகத் தோன்றலாம். சோற்றில் பிசைந்து ஒரு வாய் உண்ட பிறகு அந்த ஏமாற்றம் இருக்காது.

சினை உள்ள காலத்தில் அதைத் தனியே எடுத்து, மிளகுத்தூள் தூவி, தோசைக் கல்லில் நல்லெண்ணெயில் வாட்டித் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள், அதுவும் முதலில் வந்தவர்களுக்கு மட்டும். கிழங்கான் வறுவல் எளிமையானது: உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் பூண்டு, அவ்வளவே. மெல்லிய மீன் என்பதால் கல்லில் ஒரு நொடி கூடினாலும் காய்ந்து சக்கையாகிவிடும். பெரும்பாலான நாட்களில் பதம் சரியாக இருந்தது, கூட்டம் மிகுந்த நாட்களில் இல்லை.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. அலையாத்தி வேர்களுக்கிடையே வளைவைத்து வாழும் சேற்று நண்டு இந்தக் கழிமுகத்தின் செல்வம். அதனாலேயே கொழுத்தவை உயிரோடு கட்டப்பட்டு ஏற்றுமதிக்குப் போய்விடுகின்றன. ஊர்க் கடைக்கு வருபவை பெரும்பாலும் சிறியவை, அல்லது கொடுக்கு ஒடிந்தவை. ஒடிந்த கொடுக்கால் ருசி குறைவதில்லை. ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத, உள்ளே சதை பிடிக்காத நண்டு வந்துவிட்டால்தான் காசு வீண். ஓட்டுக்குள் தண்ணீர்தான் இருக்கும். அமாவாசையை ஒட்டி வந்தால் நண்டு நிறைந்திருக்கும் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. நான் அதைச் சோதித்துப் பார்த்தவன் அல்லன், ஆனால் நண்டைக் கையில் எடுத்து எடை பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்தக் கடையில் உண்டு. மிளகும் சின்ன வெங்காயமும் இடித்துப் போட்டு வைக்கும் நண்டுப் பிரட்டலில் எண்ணெய் சற்று அதிகம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விடுமுறை நாட்களில் திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் கார்களில் இங்கே திரும்பத் தொடங்கியதிலிருந்து, ஐஸ்பெட்டியில் வைத்த வஞ்சிரத் துண்டும் செயற்கை நிறம் போட்ட இறால் 65-உம் சேர்ந்துகொண்டன. வஞ்சிரம் தூத்துக்குடியில் வாங்கி வருவது. அதை உண்பதற்கு ஒருவர் தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. இறாலின் மேல் பூசிய மாவும் நிறமும் அதன் இனிப்பை முழுவதும் மூடிவிடுகின்றன. காயலில் பிடித்த இறாலைத் தேங்காய்க் கீற்றும் முருங்கைக்காயும் போட்டுத் தொக்காக வைக்கத் தெரிந்த கையே இதையும் செய்கிறது என்பதுதான் எனக்குக் கோபம். சோறு இன்னொரு குறை: மெல்லிய பொன்னி அரிசியை முன்கூட்டியே வடித்து வைத்துவிடுவதால் இரண்டு மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஆறிப்போன, குழைந்த சோறு கிடைக்கிறது. இந்தக் குழம்புக்குப் புழுங்கலரிசிச் சோறு சூடாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். காய்கறியில் அக்கறை இல்லை, அவியல் பெயருக்கு இருக்கிறது. கை கழுவும் இடம் வெயிலில் இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பிட வசதி இல்லை. கடலோரம் என்பதால் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிக்க வாங்கி வைத்த தண்ணீரைத்தான் தருகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

தகரக் கூரை போட்ட கூடம். வேம்பின் நிழல் பாதி கூடத்தில்தான் விழுகிறது. சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு இன்னும் தெரிகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆறு கரைமீறி, அதன் கடைமடை ஊர்கள் தனித்தீவுகளாயின. அந்த வெள்ளத்தின் கோடு அது. பாத்திரங்களோடு போனது போகப் புதிதாகத் தொடங்கினோம் என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். வலை பொத்தி முடித்து வருகிற மீனவர்கள், உப்பளத்திலிருந்து வருகிறவர்கள், வள்ளத்தின் எஞ்சினைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக். அவர்களுக்கு வைக்கும் குழம்புதான் மற்றவர்களுக்கும்; வெளியூர்க்காரர் என்று தனியாக ஒரு சட்டி இல்லை. பேச்செல்லாம் காற்றைப் பற்றியது: கச்சான் காற்று ஓங்கி அடித்தால் நாளை தொழில் இல்லை, வாடை திரும்பினால் வேறு வலை எடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தால் மறுநாள் என்ன மீன் வரும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். விலைப்பட்டியல் இல்லாத கடையில் இதுவே பட்டியல். சிலர் இதைக் குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாப்பிட உட்காரும் முன் ஒவ்வொன்றின் விலையையும் கேட்டுக்கொண்டால் போதும். சோறும் குழம்பும் 100 ரூபாய்க்குள் அடங்கும், வறுவலும் நண்டும் மீனின் அளவைப் பொறுத்து மாறும், கேட்ட விலைக்கு மேல் என்னிடம் ஒருபோதும் வாங்கியதில்லை.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். பரதவர் கிறித்தவர்கள் வாழும் ஊர் இது. அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. கடை திறந்திருந்தாலும் சட்டியில் இருப்பது முந்தைய நாள் மீனாகத்தான் இருக்கும். வஞ்சிரம் அதிகம் விற்பதும் அன்றுதான். திங்கட்கிழமை மதியமும் சந்தேகத்துக்குரியது. செவ்வாய் முதல் சனி வரை, பன்னிரண்டரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் சூடான சோறும் நல்ல துண்டும் உறுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் ஊரெல்லாம் மீன் விலை ஏறும். நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால், காயலை நம்பியிருக்கும் இந்தக் கடைக்கு அது நல்ல காலம். பெரிய கடல்மீன் கிடைக்காமல் போவதால் வஞ்சிரம் கேட்டு வருகிறவர்களும் கிழங்கானைத்தான் உண்ண வேண்டியிருக்கிறது. பதநீரும் அப்போது ஆத்தூர்ச் சாலையில் கிடைக்கும். கடையில் அட்டை வாங்குவதில்லை, கைபேசியில் பணம் அனுப்பலாம், ஆனால் சிக்னல் நிற்பது வேப்ப மரத்தடியில் மட்டும்தான்.