ஸ்டீம் டெக், இரண்டரை வருஷம் கழித்து: பாசஞ்சர் ரயிலில் கிடைத்த ஒரு மணி நேரம்

போன மாசம் கணக்குப் பார்த்தேன். ஸ்டீம் டெக் என்ற இந்தக் கையடக்க கேம் மெஷினில் இதுவரை விளையாடியது 600 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டரை வருஷத்துக்கு இது ஒன்றும் பெரிசில்லை, வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட வராது. ஆனால் அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் மொத்தமே அறுபது மணி நேரம் விளையாடியிருப்பேனா என்பது சந்தேகம். அப்போதும் இதே வேலை, இதே வீடு. என்ன மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பெஞ்ச்மார்க், கிராஃபிக்ஸ் ஒப்பீடெல்லாம் வேண்டுபவர்களுக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன.

முதலில் என் நிலவரம். வங்கியில் அதிகாரி. வீடு திருச்சி, கிளை தஞ்சாவூர். சீசன் டிக்கெட் கேஸ். மாலை நாலு மணிக்குக் கவுன்ட்டர் மூடினால் வேலை முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; எங்களுக்கு அப்போதுதான் இன்னொரு வேலை ஆரம்பிக்கும். வீட்டுக்குள் நுழையும்போது எட்டரை. மகளுக்கு ஆறு வயது, நான் வரும்வரை தூங்க மாட்டாள். 2015-லிருந்து இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை வங்கிகளுக்கு லீவு என்று பொறாமைப்படுபவர்கள் உண்டு. அதில் ஒரு சனி கல்யாணம், காதுகுத்து என்று போய்விடும். இன்னொன்று வண்டி சர்வீஸ், பல் டாக்டர், மாமனார் வீடு.

முன்பு ஹாலில் ஒரு பிஎஸ்4, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் மெஷின், இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அது விளையாடப்பட்டது என்று சொல்ல முடியாது. டிவி அம்மாவுடையது. சீரியல்கள் முடிந்து பத்தரைக்கு ரிமோட் கைக்கு வரும். கன்ட்ரோலரில் சார்ஜ் இருக்காது. ஒயர் தேடி, சத்தத்தைக் குறைத்து, அப்டேட் இறங்கும்வரை காத்திருந்து, கேம் லோட் ஆகி உள்ளே போனால் பத்தே முக்கால் தாண்டியிருக்கும். மூன்று வாரம் கழித்து விட்ச்சர் 3 என்ற கேமைத் திறந்தால் எந்தப் பட்டனில் வாள், எந்தப் பட்டனில் மந்திரம் என்று மறந்திருக்கும். தண்ணீரிலிருந்து எழுந்து வந்த ஒரு சாதாரணப் பூதத்திடம் செத்துப் போய், டிவியை அணைத்துவிட்டுப் படுத்த இரவுகள் எத்தனையோ. பிஎஸ்4-லும் ஆட்டத்தை விட்ட இடத்திலேயே தூங்க வைக்கும் ரெஸ்ட் மோட் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. எங்கள் தெருவில் அடிக்கடி கரன்ட் போவதும் உண்டு.

அப்போதெல்லாம் கேட்பவர்களிடம் "எங்கே நேரம்?" என்பேன். இப்போது யோசித்தால் அது முழு உண்மையில்லை. நேரம் இருந்தது, சில்லறையாக இருந்தது. இங்கே இருபது நிமிஷம், அங்கே முப்பது. என்னிடம் இருந்த மெஷினோ நூறு ரூபாய் நோட்டு மட்டும்தான் வாங்குவேன் என்றது.

ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. இந்தியாவில் அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் அதை நேரடியாக விற்கவில்லை, இறக்குமதிக் கடைகள்தான் கதி. அமெரிக்காவில் 529 டாலர் விலை போட்ட 256 ஜிபி எல்சிடி மாடலை, 2023 ஜனவரியில் 56,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆறு மாசக் கடை வாரண்டி. மனைவி ஒன்றும் திட்டவில்லை. "இன்னிக்கு ஒரு பவுன் என்ன விலை தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு நாற்பத்திரண்டாயிரம் வாக்கில். 2025-ல் எழுபதாயிரம் தாண்டிவிட்டது. மாசம் ஒரு தடவையாவது இந்த விவரம் என் காதில் விழும்படி பார்த்துக்கொள்கிறாள். இந்த அனுபவப் பகிர்வில் நான் பதில் சொல்ல முடியாத ஒரே குறை இதுதான்.

என்னைக் கேட்டால் இந்த மெஷினில் காசு கொடுக்க வேண்டியது மேலே இருக்கும் பவர் பட்டனுக்கு. அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் சில வினாடியில், கத்தியை ஓங்கிய கை ஓங்கியபடி எழுந்து நிற்கும். எல்டன் ரிங் ஆடியவர்களுக்குத் தெரியும், அதில் மற்ற கேம்களைப் போல ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டன் கிடையாது. சண்டை நடுவில் குக்கர் விசில் வந்தால் செத்தோம். ஆஃப்லைனில் வைத்துக்கொண்டு இதில் ஆடினால், பட்டனை அழுத்திவிட்டுப் போய் அடுப்பை அணைத்து, மகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வரலாம். ராட்சசன் காலைத் தூக்கியபடி காத்திருப்பான்.

எடை 669 கிராம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்தால் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கும், கை நழுவினால் மூக்கு போய்விடும். ரயிலில் ஆபீஸ் பையை மடியில் வைத்து அதன்மேல் சாய்த்துக்கொண்டால் எடையே தெரியாது. பஸ்ஸில் முயற்சி செய்யாதீர்கள். ரயில் ஓடாத ஒரு நாள் பஸ்ஸில் எடுத்தேன், செங்கிப்பட்டி வருவதற்குள் தலை சுற்றி, காலையில் சாப்பிட்ட பொங்கல் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஜன்னலோர சீட்டும் வேண்டாம். இந்த மாடலின் திரை பளபளப்பானது, வெயில் பட்டால் என் முகம்தான் தெரிகிறது.

காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர், ஆலக்குடி என்று நின்று நின்று போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எங்கள் பெட்டியில் நிரந்தரமாக ஒரு சீட்டுக் கச்சேரி உண்டு. நாலு பேர் முட்டியில் சூட்கேஸை வைத்து ரம்மி போடுவார்கள். நான் பலாட்ரோ என்ற சீட்டு கேமை ஆட ஆரம்பித்த புதிதில், அதில் மூத்தவர், கலெக்டர் ஆபீஸ்காரர், மூன்று நாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நாலாவது நாள் கேட்டேவிட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஆன்லைன் ரம்மியா?"

"இல்ல சார், காசு கிடையாது. சும்மா கேம்."

"பேங்க்ல இருக்கீங்க, அதான் கேட்டேன். பேப்பர்ல என்னென்னவோ போடுறான்." கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, திரையை எட்டிப் பார்த்தார். "ஜோக்கர் எத்தனை?"

"கையில அஞ்சு வச்சுக்கலாம். மொத்தம் நூத்தம்பது."

"நூத்தம்பது ஜோக்கரா!" அந்தப் பக்கம் திரும்பி, "யோவ், இங்க பாருய்யா, நூத்தம்பது ஜோக்கராம்" என்றார். அன்றைக்கு அவர்கள் ஆட்டம் பூதலூரிலேயே கலைந்தது.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. 2024 பிப்ரவரியில் வந்த இந்த கேமுக்கு ஐரோப்பாவில் போக்கர் சாயலைப் பார்த்து 18 வயது முத்திரையே குத்தினார்கள், 2025-ல்தான் அதை 12 ஆகக் குறைத்தார்கள். பணம் வைத்து ஆடுவது அதில் எங்கேயும் இல்லை. ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கேமை நான் பார்க்கவில்லை. ஒரு சுற்று முடிவது எனக்கு ஆலக்குடி வாக்கில். பேட்டரியும் தின்னாது.

பேட்டரி பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 40 வாட் அவர். பெரிய கேம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரம் நிற்பதே கஷ்டம். பலாட்ரோ, ஸ்டார்டியூ வேலி மாதிரி சின்ன கேம்கள் என்றால் ஐந்து, ஆறு மணி நேரம் வரும். வலப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் இரண்டு விஷயத்தை மாற்றினேன்: திரையை 40 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 40 காட்சிக்கு, இறக்கினேன், மின்சார வரம்பை 15 வாட்டிலிருந்து 9-க்குக் குறைத்தேன். விட்ச்சர் 3 இதில் எனக்குப் போதுமான அளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 60 இல்லாமல் கண் வலிக்கிறது என்பவர்கள் இளைஞர்கள், அவர்களுக்கு வேறு பிரச்சினைகள் இல்லை. இப்போது வாங்குபவர்கள் 2023 நவம்பரில் வந்த ஓலெட் மாடலையே பார்க்கலாம். பேட்டரி 50 வாட் அவர், எடையும் குறைவு. என்னுடையதை மாற்றப் போவதில்லை. பவுன் விலை காரணம்.

ரயிலுக்கு முன் ஒரு சடங்கு இருக்கிறது. முதல் நாள் இரவு வீட்டு வைஃபையில் கேமை ஒரு தடவை திறந்து மூடிவிட வேண்டும். சில பெரிய கேம்கள் லாஞ்சர் என்ற தங்கள் சொந்தச் செயலி வழியாகத்தான் திறக்கும், திருவெறும்பூர் தாண்டி வயல்வெளியில் சிக்னல் இல்லாதபோது பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு தடவை ஏமாந்த பிறகு அப்படிப்பட்டவற்றை வாங்குவதையே விட்டுவிட்டேன்.

ஆஃபர் சமயத்தில் வாங்கிக் குவிக்கும் பழக்கமும் போயிற்று. வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வேலைக்குப் போகிறவனுக்கு இதில் இரண்டு மணி நேரம் பிரச்சினையே இல்லை. பதினாலு நாள்தான் பிரச்சினை. நான் வாங்கிய ஏழெட்டு கேம்களை முதன்முதலாகத் திறந்ததே பதினைந்தாவது நாளுக்குப் பிறகு. இப்போது ஒன்றை முடித்தால்தான் அடுத்தது, அதுவும் அன்றைக்கே ஆடுவதாக இருந்தால் மட்டும்.

மறதிக்கு வைத்தியம் ஒரு நோட்டு. கிளையில் யாரோ கொடுத்த பழைய டைரி. ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஒரு வரி. "ஸ்கெல்லிகே வந்தாச்சு. வாளுக்கு எண்ணெய் தடவ மறக்காதே." "அந்தக் கிழவியை நம்பாதே." "அம்பு 12தான் இருக்கு." 2017-ல் பிஎஸ்4-ல் ஆரம்பித்துக் கைவிட்ட விட்ச்சர் 3-ஐ இதில் முதலிலிருந்து ஆடி, பதினாலு மாசத்தில், 118 மணி நேரத்தில் முடித்தேன். அந்த டைரி இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன். மனைவி ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு அந்தக் கிழவி?" என்று கேட்டது தனிக் கதை.

இனி, இந்த மெஷினால் தீராதது. மார்ச் மாசம். கணக்கு முடிக்கும் அந்த நாலைந்து வாரம் ரயிலில் ஏறினால் கை தானாகப் பையைத் திறக்கும், டெக்கை வெளியே எடுக்கும், பார்க்கும், உள்ளே வைத்துவிடும். ஒரு மணி நேரம் முழுசாகக் கையில் இருக்கும். ஆனால் ஜோக்கரைப் பார்த்தால் வராக்கடன் பட்டியல்தான் நினைவுக்கு வரும். தெம்பு இல்லாத ஒரு மணி நேரத்தை எந்தப் பட்டனும் எழுப்புவதில்லை. முதல் வருஷம் இதற்காக என்மேலேயே கோபப்பட்டேன், ஐம்பத்தாறாயிரம் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று. இரண்டாவது வருஷத்திலிருந்து மார்ச்சில் பையிலேயே வைப்பதில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

இன்னொன்றும் போயிற்று. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ மூன்று தடவை ஆரம்பித்தேன். 120 ஜிபியைத் தாண்டும் அந்த கேம், என் 256 ஜிபியில் பாதியைத் தின்றது. பனியில் குதிரை மெல்லப் போகும், இரண்டு பேர் பேசிக்கொண்டே போவார்கள், ஊர் வர நேரமாகும். அந்த மெதுதான் அதன் அழகு. கல்லூரி நாளில் என்றால் ஒரு ராத்திரி முழுக்க அதற்குள் கிடந்திருப்பேன். பூதலூரில் நிறுத்தி, மறுநாள் பொன்மலையில் தொடர்ந்தால் அது வெறும் குதிரை நடக்கும் கேம். அதை ஓய்வுபெற்ற பிறகு ஆடிக்கொள்ளலாம் என்று அழித்துவிட்டேன். இன்னும் இருபத்தொரு வருஷம்.

ஒரு விபத்து. போன வருஷம் மகள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடி வாசற்படியில் போட்டாள். திரைக்கு ஒன்றுமில்லை. இடது ஸ்டிக் மட்டும் தொடாமலே கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. வாங்கிய கடையில் கேட்டால் வாரண்டி முடிந்தது, பார்ட்ஸ் வர இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். செட்டிங்ஸில் அந்த ஸ்டிக்கின் டெட் ஸோனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், அதாவது லேசான அசைவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டேன். அப்படியே ஓடுகிறது.

குடும்பத்தோடு ஆடியது என்றால் வெண்பா என்ற கேம். 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதியின் கதை, சமையல்தான் விளையாட்டு. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரு ஞாயிறு மத்தியானம் டெக்கை டிவியில் மாட்டினேன். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். நான் தப்பாக அடுக்கினேன். அதுவரை போன் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பத்து வருஷமா இட்லி திங்கிறியே, ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் வந்திருந்தா தெரியும்" என்றார். பத்து என்பது கல்யாணக் கணக்கு. அதற்கு முன் தின்றதெல்லாம் அவர் கையால், அது கணக்கில் வராது போல. அன்றைக்கு டிவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது ஒரு சேதி. போன வாரம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. திருச்சியிலேயே, வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். கிளையில் எல்லோரும் கை குலுக்குகிறார்கள், அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாராம். நான் மட்டும் பலாட்ரோவைத் திறந்து பார்த்தேன். பதினைந்து விதச் சீட்டுக்கட்டில் இன்னும் மூன்று திறக்கவில்லை. சீசன் டிக்கெட்டில் பதினோரு நாள் பாக்கி இருக்கிறது.