வாலண்டியர் தேவை: எந்த மருந்து ஆய்வில் யார் சேரலாம்?

"ஆரோக்கியமான ஆண்கள் தேவை, சாப்பாடு, தங்குமிடம், பணம் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும், "சர்க்கரை நோயாளிகளுக்குப் புது மருந்து, பரிசோதனைகள் இலவசம்" என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளும் கிளினிக்கல் ட்ரயல் என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. எவ்வளவு தருவார்கள், எந்த நோய்க்கு என்பதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகிவிடும். இதில் சேர்வதால் நான் எதை விட்டுக்கொடுக்கிறேன், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுவதே சரி.

பணத்துக்காகப் போகிறவருக்கு: பிஇ ஸ்டடியா, முதல் கட்ட ஆய்வா?

காப்புரிமை முடிந்த மருந்தை இன்னொரு கம்பெனி தயாரிக்கும்போது, அசல் மாத்திரை அளவுக்கே அது ரத்தத்தில் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் பயோ ஈக்விவலன்ஸ், சுருக்கமாக பிஇ ஸ்டடி. மருந்து பழையது, அதன் பக்கவிளைவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. அசலோடு ஒப்பிட்ட அளவின் விகிதம், 90 சதவீத நம்பக இடைவெளியோடு (கணக்கில் வரக்கூடிய ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் வரம்பு), 80 முதல் 125 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அந்த ஒரு கணக்குக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

முதலில் தகுதிப் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மதுவுக்கு மூச்சுப் பரிசோதனை எல்லாம் அதில் வரும். தேர்வானால் முந்தின நாள் மாலையே உள்ளே போக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் சுமார் 240 மில்லி தண்ணீரோடு மாத்திரை, அதன்பின் 4 மணி நேரம் உணவு கிடையாது. கை நரம்பில் கேனுலா என்ற சிறு குழாய் போட்டு, முதல் சில மணி நேரம் அடுத்தடுத்தும் பிறகு இடைவெளி விட்டும் ரத்தம் எடுப்பார்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி கொடுத்து, இதே வேலையை இன்னொரு கம்பெனியின் மாத்திரையோடு மறுபடி செய்வார்கள். உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் போல் ஐந்து மடங்காவது அந்த இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு சுற்றிலும் சேர்த்துப் போகும் ரத்தம் பல ஆய்வுகளில் ஒரு முறை ரத்ததானம் செய்யும் அளவை நெருங்கும்.

இங்கே பெரிய ஆபத்து மாத்திரையில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. ஒரு ஆய்வுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பொதுவாக 90 நாள் இடைவெளி கேட்பார்கள். ஏஜென்ட் மூலம் வருகிறவர்களில் சிலர் ஒரு மையத்தில் முடித்த கையோடு அடுத்த மையத்துக்குப் போய்விடுகிறார்கள். மையங்களின் கைரேகைப் பதிவுகள் ஒன்றோடொன்று இணையாத இடத்தில் இது பிடிபடாது. முதல் மருந்து உடலில் மிச்சமிருக்கும்போது இரண்டாவது மருந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும். திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் இறங்கும். ஏதாவது ஆனால், என்ன மருந்து உள்ளே இருக்கிறது என்று சிகிச்சை கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாது. மயக்கம், வாந்தி வந்தால் பணம் பிடித்துவிடுவார்களோ என்று சொல்லாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். ஆய்வு சம்பந்தமான உடல்நலக் காரணத்தால் ஒருவரை வெளியேற்றினால் முழுப் பணமும் தர வேண்டும், அவராகவே விலகினால் இருந்த அளவுக்குக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள். பணம் கொடுக்கும் கணக்கு ஒப்புதல் படிவத்தில் இப்படி எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். ஹைதராபாதில் ஒரு மையத்தில் நடந்த ஆய்வுகளில் இ.சி.ஜி. பதிவுகள் திரிக்கப்பட்டது தெரிந்து, 2015 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை சுமார் 700 மருந்து வகைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. மருந்துக் கம்பெனிக்கு அது வியாபார நஷ்டம். வாலண்டியருக்கோ, தன் இதயத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பிஇ மையங்கள் மத்திய மருந்து உரிம ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுதான் செல்லும். தேதியைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

முதல் கட்ட ஆய்வு வேறு விஷயம். அதுவரை மனித உடலுக்குள் போகாத, அல்லது மிகச் சிலருக்கே கொடுத்துப் பார்த்த மருந்து அது. பணம் அதிகம் கிடைக்கலாம்; மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது என்பதே ஆய்வின் காரணம். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில் டிஜிஎன்1412 என்ற மருந்தைச் சில நிமிட இடைவெளியில் ஆறு பேருக்கு அடுத்தடுத்துச் செலுத்தினார்கள். முதல் ஆளின் நிலை தெரிவதற்குள் மற்றவர்களுக்கும் மருந்து போய்விட்டது. ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். முதலில் ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து பார்த்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கும் முறையை அதற்குப் பின் வற்புறுத்தினார்கள். ஆனாலும் 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்த இன்னொரு முதல் கட்ட ஆய்வில், ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மறுநாள் காலை மற்றவர்களுக்கு மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டது. சேர்க்கப்பட்டவர் இறந்துபோனார்.

இரண்டில் ஒன்று என்றால், பணம் மட்டுமே நோக்கமாக இருக்கிறவர் முதல் கட்ட ஆய்வுக்குப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. போவதாக இருந்தால் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: என் குழுவில் முதல் ஆளுக்கும் எனக்கும் எத்தனை மணி நேர இடைவெளி? ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மருந்தை நிறுத்த முடிவெடுப்பவர் யார்?

சர்க்கரை நோயாளிக்கு: புது மாத்திரையா, வாழ்க்கைமுறை ஆய்வா?

நோயாளிகளை வைத்து நடக்கும் மூன்றாம் கட்ட ஆய்வில் யாருக்குப் புது மருந்து, யாருக்கு போலி மாத்திரை (பார்க்க அதேபோல இருக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) என்பதைக் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். டாக்டருக்கும் தெரியாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். போலி மாத்திரை என்றதும் "எனக்கு வைத்தியமே கிடைக்காதா?" என்று பயப்படுகிறார்கள், அல்லது அதைக் கேட்காமலே சேர்ந்துவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது, போலி மாத்திரை உங்கள் பழைய மருந்துக்கு மேல் சேர்க்கப்படுகிறதா, பழைய மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறதா என்பதைத்தான்.

மேலே சேர்க்கும் வகையில், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மெட்ஃபார்மின் அப்படியே தொடரும். உங்கள் மருந்தளவு பல வாரங்களாக மாறாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். 9,340 பேரை வைத்து நடந்த லீடர் ஆய்வு இந்த வகை. லிராகுளுடைட் என்ற சர்க்கரை ஊசி மருந்து கிடைத்தவர்களுக்கும் போலி ஊசி கிடைத்தவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. பதிலாகக் கொடுக்கும் வகையில் பழைய மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, சர்க்கரை ஏறவிட்டு, பிறகு ஆரம்பிப்பார்கள். சிறுநீரகமோ கண்ணோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் காப்பு மருந்தின் எல்லையைக் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 270ஐத் தாண்டினால் வேறு மருந்து சேர்ப்போம், சில வாரம் கழித்து 240, பிறகு 200 என்று பல ஆய்வுத் திட்டங்களில் படிப்படியாக எல்லை இருக்கும். அந்த எண் படிவத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சர்க்கரை வரும் நிலையில் இருக்கிறவர்களுக்கான வாழ்க்கைமுறை ஆய்வுகளுக்கு அவ்வளவு விளம்பரம் கிடையாது. ஆனால் அந்த நிலையில் இருக்கிறவருக்கு அவைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர். மூன்று ஆண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39.3, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5. மாத்திரையையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. 500 மில்லிகிராம் தினம் இருமுறை என்று தொடங்கிய மெட்ஃபார்மினை, சர்க்கரை தாழும் அறிகுறிகள் தெரிந்ததால் 250 ஆகக் குறைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். இந்த வகை ஆய்வில் தோல்விக்குக் காரணம் மருந்து இல்லை, வகுப்புக்கும் பரிசோதனைக்கும் தொடர்ந்து வர முடியாமல் போவதுதான். வேலை நேரம் ஒத்துவராது என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது ஆய்வுக்கும் நல்லது.

நல்ல வைத்தியம் இல்லாத இடத்தில் கணக்கு மாறும்

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பெல்லாம் ஊசியும் மாத்திரையுமாக 18 மாதத்துக்கு மேலும் வைத்தியம் நீளும். சிலருக்குக் காது கேட்காமல் போகும். அப்படிப்பட்டவருக்கு ஆய்வில் சேர்வதே நல்ல வழியாக இருந்திருக்கிறது. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் சேர்த்து தென் ஆப்பிரிக்காவில் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில் 109 பேர். ஆறு மாத வைத்தியத்தில் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன். விலையும் இருந்தது: தினம் 1,200 மில்லிகிராம் லினசோலிட் எடுத்ததில் 81 சதவீதம் பேருக்குக் கை கால் நரம்பு பாதிப்பு. அவர்கள் அனுபவித்ததால்தான் அடுத்த ஆய்வுகளில் அளவைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். பலன் குறையாமல் நரம்பு பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. நம் ஊரிலும், சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதே மருந்துகளைக் குறைந்த லினசோலிட் அளவுகளில் ஆராய்ந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் சேர்கிறவர் கேட்க வேண்டியது: கால் மரத்துப்போனால், பார்வை மங்கினால் எத்தனை நாளுக்குள் அளவைக் குறைப்பீர்கள்?

ஏதாவது ஆனால்

இந்தியாவில் 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு வந்தால் தேவைப்படும் வரை, அல்லது அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரை, இலவச சிகிச்சை உண்டு. ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு. போலி மாத்திரை ஆய்வில், கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைத் திட்டப்படி தராததால் வந்த கேடும் இதில் அடங்கும். உயிரிழப்புக்கான சூத்திரம் எளிது: 8 லட்சத்தை வயதுக் காரணியாலும் அபாயக் காரணியாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். அபாயக் காரணி ஆரோக்கியமானவருக்கு 4, ஆறு மாதத்துக்கு மேல் பிழைப்பது அரிது என்ற நிலையில் இருப்பவருக்கு 0.5. வயதுக் காரணி 30 வயதில் 207.98, 65 வயதிலும் அதற்கு மேலும் 99.37. ஆக 30 வயது ஆரோக்கியமானவருக்குச் சுமார் 67 லட்சம். 65 வயது கடும் நோயாளிக்கு 4 லட்சம். நிரந்தர ஊனத்துக்கு, ஊன சதவீதத்தைப் பொறுத்து, உயிரிழப்புத் தொகையில் 90 சதவீதம் வரை.

இந்தப் பணம் தானாக வந்துவிடாது. உங்களிடம் ஒப்புதல் படிவத்தின் நகல், தகவல் தாள், வருகைச் சீட்டுகள் இருக்க வேண்டும். சேரும் முன், இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் இணையப் பதிவேடான சிடிஆர்ஐயில் ஆய்வின் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டு, மாதம், வரிசை எண் என்று போகும். நீங்கள் போகும் மருத்துவமனையின் பெயர் ஆய்வு மையங்களின் பட்டியலில் இருக்கிறதா, ஒப்பிடப்படுவது போலி மாத்திரையா வேறு மருந்தா, ஆள் சேர்ப்பு இன்னும் திறந்திருக்கிறதா என்று அங்கேயே தெரியும். ஆய்வுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். அதை ஆய்வு டாக்டரின் எண்ணோடு சேர்த்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மருந்துகள் சில, திடீரென்று நின்றால் நோயைத் திருப்பிக் கொண்டுவரும். விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு, மருந்தை எப்படிக் குறைப்பது என்று கேட்டு, கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு மட்டும் ஒருமுறை போய், மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.